பீப் சத்தத்தை நம்பாதீங்க: வட்டக்கானல்ல சொதப்பின ஒரு சால்டரிங்

இன்னிக்கு எபிசோட் கொஞ்சம் பாவமன்னிப்பு மாதிரி. நான் சால்டர் பண்ணின ஒரு ரேடியோ கனெக்டர், தேவைப்பட்ட ராத்திரியில கைவிட்டுடுச்சு. ஏன்னு பார்ப்போம்.

இடம், கொடைக்கானலை ஒட்டின வட்டக்கானல். அங்க எனக்குத் தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் லைசென்ஸ் வாங்கின ஹாம் ரேடியோக்காரர். 2018 நவம்பர்ல கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து, கொடைக்கானல் வரைக்கும் வந்து மரங்களைச் சாய்ச்சது. ரோடு அடைபட்டது, கரண்ட் போச்சு. அதுக்கப்புறம் அவர் ஒரு முடிவெடுத்தார். கூரையில ஒரு ஆன்டெனா, கீழே 12 வோல்ட் பேட்டரி, ஒரு விஎச்எஃப் ரேடியோ. டவர் போனாலும் பேசணும்.

மலை மேல இது நல்ல யோசனை. விஎச்எஃப் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டுல போகும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அந்த உயரத்துக்கு ரேடியோ தொடுவானம் கணக்குப்படி 190 கிலோமீட்டர், நடுவுல வேற மலை மறைக்கலேன்னா. சமவெளியில தூரத்து ஊர்கள்லயும் கொடை எஃப்எம் 100.5 கேக்குதே, அதுக்கும் இந்த உயரம்தான் காரணம்.

கூரை கேபிள் வந்து சேர ஒரு அலுமினியப் பெட்டி வேணும்னார். "நான் இன்ஜினியர்ணே, செஞ்சு தரேன்"னேன். பெட்டியில நாலு ஸ்க்ரூ போட்டு மாட்டுற எஸ்ஓ-239 சாக்கெட், உள்ளே ஆர்ஜி-58 கோஆக்சியல் கேபிள். மல்டிமீட்டர் பீப் அடிச்சது. மூடியை மூடிட்டு சென்னைக்கு பஸ் ஏறிட்டேன்.

மூணு மாசம் ஓடுச்சு. ஒரு மழை ராத்திரி செல்போன் சிக்னலும் கரண்டும் சேர்ந்து போச்சு. அவர் ரேடியோவை ஆன் பண்ணினா ஒண்ணும் கேக்கல. பக்கத்து வீட்டுல உடம்பு சரியில்லாத ஒரு பாட்டி. அவங்களை ஜீப்ல ஏத்தி, ரோடு திறந்திருக்கா இல்லையான்னே தெரியாம கிளம்பியிருக்காங்க. நல்லவேளை, திறந்திருந்தது. அடுத்த வாரம் நான் போய் பெட்டியைத் திறந்தேன். ரெண்டு தப்பு, ரெண்டும் என்னோடது.

முதல் தப்பு, சூடு. கோஆக்சியல் கேபிள்ல நடுவுல ஒரு கம்பி, சுத்தி பிளாஸ்டிக், அதைச் சுத்தி பின்னல் வலை. ஆர்ஜி-58ல அந்த பிளாஸ்டிக் பாலிஎத்திலீன். அது 110 டிகிரி பக்கத்துலயே உருகும். 60/40 ஈயம் உருகவே 183 டிகிரி தாண்டணும். அதாவது ஈயம் ஓடுறதுக்கு முன்னாடியே பிளாஸ்டிக் இளகிடலாம். நான் 25 வாட் அயர்னை வச்சு ரொம்ப நேரம் அழுத்தினேன். சின்ன அயர்ன் பாதுகாப்புன்னு நினைச்சேன், உண்மை நேர் எதிர். பெரிய உலோகத்தைச் சூடாக்க அது நேரம் எடுக்கும், அந்த நேரம் பூரா சூடு கேபிளுக்குள்ள ஏறும். பிளாஸ்டிக் இளகினதும் நடுக்கம்பி ஓரமா நகர்ந்துச்சு. மூடி போட கேபிளை வளைச்சேன். வளைவோட அழுத்தத்துல கம்பி மெல்ல மெல்ல நகர்ந்து, மூணு மாசத்துல வலையைத் தொட்டுடுச்சு. ஷார்ட். நான் பீப் பார்த்தப்போ அது தொடல. "என் லேப்டாப்ல ஓடுதே"ங்கிற அதே கதை.

ரெண்டாவது தப்பு, வால். எஸ்ஓ-239ல வலையை வைக்கத் தனி இடம் கிடையாது. நான் வலையை முறுக்கி, 2 சென்டிமீட்டர் வாலா இழுத்து ஒரு ஸ்க்ரூவுல கட்டினேன். கம்பியோட இண்டக்டன்ஸ் தோராயமா மில்லிமீட்டருக்கு 1 நானோஹென்றி. அப்போ 20 நானோஹென்றி. 7 மெகாஹெர்ட்ஸ்ல அது 1 ஓமுக்கும் குறைவு, கண்டுக்க வேண்டாம். 145 மெகாஹெர்ட்ஸ்ல 18 ஓம்! 50 ஓம் லைன்ல இது பெரிய தடை. மல்டிமீட்டர் டிசியில அளக்குது, அதுக்கு இது தெரியவே தெரியாது.

இந்த முறை செஞ்சது இதுதான். சாக்கெட் உட்கார்ற இடத்துல பெட்டியோட பெயிண்டைச் சுரண்டினேன். சாதா ஈயம் அலுமினியத்துல ஒட்டாது, அதனால ஸ்க்ரூவுக்கு அடியில ஈயம் பிடிக்கிற பித்தளை வளையமும் பல் வாஷரும் போட்டேன். சாக்கெட்டுல ஒரு பிஎல்-259 பிளக்கைத் திருகி வச்சேன். சூட்டுல நடு பின் சாயாம அது பிடிச்சுக்கும். வலைக்கும் நடுக்கம்பிக்கும் முதல்ல தனித்தனியா ஈயம் பூசி ஆற விட்டேன். அப்புறம் 60 வாட் அயர்ன், அகல முனை, ரெண்டு மூணு செகண்ட், அவ்ளோதான். வலையை ரெண்டாப் பிரிச்சு, ரெண்டு பக்க ஸ்க்ரூவுக்கும் முடிஞ்ச அளவு குட்டையா சேர்த்தேன்.

டெஸ்டும் மாறுச்சு. கேபிளை வளைச்சுப் பிடிச்சுக்கிட்டே, நடுக்கம்பிக்கும் வலைக்கும் நடுவுல பீப் அடிக்கலையான்னு பார்த்தேன். பிறகு 50 ஓம் டம்மி லோடு மாட்டி, எஸ்டபிள்யூஆர் மீட்டர்ல 145 மெகாஹெர்ட்ஸ்ல அளந்தேன். கடைசியா, வெளியே பிளக் சேர்ற இடத்துல பனியும் மழையும் இறங்காம ரப்பர் டேப் சுத்தினேன். எஸ்ஓ-239 தண்ணி புகாத கனெக்டர் இல்ல.

அன்னிக்கு சாயங்காலம் அண்ணன் மைக்கை எடுத்து அழைச்சார். சமவெளியிலிருந்து ஒரு குரல் பதில் சொல்லுச்சு. அவர் என்கிட்ட ஒண்ணுதான் சொன்னார்: "தம்பி, மாசம் ஒரு தடவை இதுல பேசிடறேன். வேலை செய்யுதான்னு புயல் அன்னிக்குத் தெரிஞ்சுக்க வேண்டாம்."

அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.