அறியாமைத் திரையும் மையவாடியும்: ஜோன் றோல்ஸின் நீதிக் கோட்பாடு பற்றி

தாராண்மைவாத அரசியல் தத்துவத்தில் நீதி பற்றி யார் பேசினாலும் ஜோன் றோல்ஸைத் தொடாமல் போக முடியாது. ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியரான அவர் 1971இல் 'நீதிக் கோட்பாடு' என்ற நூலை வெளியிட்டார். ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் இன்றுவரை அதை வைத்தே வாதிடுகிறார்கள். அந்நூல் முழுவதையும் நான் இங்கு சொல்ல வரவில்லை. சமய சுதந்திரம் பற்றிய அதன் வாதத்தை மட்டும் எடுத்து, அது எங்களுக்கு என்ன தருகிறது, எங்களிடம் என்ன கேட்கிறது என்று பார்க்கிறேன்.

றோல்ஸுக்கு முன்பு செல்வாக்கோடு இருந்தது பெந்தம், மில் போன்றோர் வளர்த்த பயன்பாட்டுவாதம். எந்தச் சட்டத்தால் மொத்த நன்மை கூடுகிறதோ அதுவே சரியான சட்டம் என்பது அதன் சுருக்கம். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்பது பேரின் நிம்மதிக்காகப் பத்தாவது ஆளின் உரிமையை எடுக்கலாமா? மொத்தக் கணக்கை மட்டும் பார்க்கும் தத்துவத்துக்கு இதில் 'கூடாது' என்று உறுதியாகச் சொல்வது கஷ்டம்.

றோல்ஸ் வேறு வழி சொன்னார். நாட்டின் விதிகளை எழுத ஒரு கூட்டம் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கூடியிருப்பவர்களுக்குத் தங்கள் பணம், பதவி, திறமை, சமயம் எதுவும் தெரியாது. தாங்கள் பெரும்பான்மையா சிறுபான்மையா என்பதும் தெரியாது. இதுதான் 'அறியாமைத் திரை'. வட்டிலப்பத்தை வெட்டுகிறவர் கடைசித் துண்டைத்தான் எடுக்க வேண்டும் என்று வீட்டில் ஒரு விதி இருந்தால், அவர் சமமாகத்தான் வெட்டுவார். அவர் நல்லவரா கெட்டவரா என்று தேடத் தேவையில்லை. விதியே அவரை நியாயமாக நடக்க வைக்கிறது.

திரைக்குப் பின்னால் இருப்பவர்கள் இரண்டு முடிவுகளுக்கு வருவார்கள் என்கிறார் றோல்ஸ். முதலாவது, அடிப்படைச் சுதந்திரங்கள் எல்லோருக்கும் சமம். இரண்டாவது, ஏற்றத்தாழ்வு இருப்பதென்றால், பதவிகள் எல்லோருக்கும் நியாயமாகத் திறந்திருக்க வேண்டும். அந்த ஏற்றத்தாழ்வு அடிமட்டத்தில் உள்ளவருக்கே அதிக நன்மை தர வேண்டும். முதலாவதை இரண்டாவதற்காக விலைபேச முடியாது.

சமயத்தை வைத்து அங்கே யாரும் சூதாட மாட்டார்கள். 'நான் பெரும்பான்மையாகத்தான் இருப்பேன், அதற்குச் சாதகமாக எழுதுவோம்' என்று ஒருவர் துணிந்தால், தன் நம்பிக்கையின் பெறுமதி அவருக்கே தெரியவில்லை என்றுதான் அர்த்தம். பொது ஒழுங்கு, பாதுகாப்பு என்பவற்றுக்காக அரசு சமய சுதந்திரத்தை மட்டுப்படுத்தலாம் என்பதை றோல்ஸ் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆபத்து, எல்லோரும் ஏற்கக்கூடிய சான்றினாலும் தர்க்கத்தினாலும் காட்டப்பட வேண்டும் என்கிறார்.

இதன் பொருள் எங்களுக்கு நன்றாகவே விளங்கும். 2020 ஏப்ரலில் வந்த வர்த்தமானி, கொவிட்டால் மரணித்தவர்களை எரிப்பதைக் கட்டாயமாக்கியது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், நிலத்தடி நீர் மாசுபடும் என்று காரணம் காட்டப்பட்டது. 2021 பெப்ரவரியில்தான் அனுமதி கிடைத்து, ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. பொது நன்மை என்று சொல்லிவிட்டால் போதாது, சான்று வேண்டும் என்ற றோல்ஸின் நிபந்தனை அந்த நாட்களில் எங்களுக்கு எவ்வளவு தேவைப்பட்டது!

இந்தக் கோட்பாட்டுக்கு வலுவான மறுப்பும் உண்டு. ஒரு மனிதனிடமிருந்து அவனது நம்பிக்கையையும் சமூகத்தையும் கழற்றி வைத்துவிட்டு, மிஞ்சுவதை 'மனிதன்' என்று சொல்லலாமா என்று 1982இல் மைக்கல் சாண்டல் கேட்டார். தீன் என்பது கழற்றி மாட்டும் சட்டையல்ல என்று நினைக்கும் எங்களுக்கு இந்தக் கேள்வி உடனே பிடித்துப்போகும். ஆனால் திரை எங்கள் ஈமானை விடச் சொல்லவில்லை. பிறர் மீதும் செல்லும் விதியை எழுதும்போது மட்டும், அவர்களின் இடத்திலும் நின்று பார் என்கிறது.

அப்படிப் பார்க்கும்போது கேள்வி எங்கள் பக்கமும் திரும்புகிறது. 1999இல் வெளியான 'மக்களினங்களின் சட்டம்' என்ற நூலில் றோல்ஸ் 'கஸானிஸ்தான்' என்ற கற்பனை முஸ்லிம் நாட்டை வரைகிறார். அங்கே பிற சமயத்தவர் அச்சமின்றித் தங்கள் சமயத்தைப் பின்பற்றலாம், இராணுவத்தில் உயர்நிலைக்கும் வரலாம். ஆனால் அரசியல் அதிகாரத்தின் மேல் பதவிகள் முஸ்லிம்களுக்கு மட்டுமே. இதை 'கண்ணியமான' சமூகம் என்று றோல்ஸ் ஏற்கிறார்; முழு நீதியுள்ளது என்று சொல்லவில்லை. அந்த நாட்டை வாசிக்கும்போது நாம் எங்கே நிற்கிறோம்? எங்கட அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருவதைக் குறைசொல்லும் ஒருவர், கஸானிஸ்தானில் குறையே இல்லை என்றால், அவர் திரைக்குப் பின்னால் நிற்கவில்லை.

இன்னும் கிட்டப் போய்ப் பார்ப்போம். கொள்கை வேறுபாட்டின் பெயரால், ஒரு மையித்தை ஊர் மையவாடியில் அடக்க விடமாட்டோம் என்று எங்கள் சமூகத்துக்குள்ளேயே சண்டை நடந்ததுண்டு. அங்கே நாங்கள்தான் பெரும்பான்மை. 2020இல் அரசிடம் நாங்கள் கேட்ட கேள்வியை, அந்தச் சிறிய கூட்டம் எங்களிடம் கேட்டால் என்ன பதில் சொல்வோம்? சூரத்துன் நிஸாவின் 135ஆம் வசனம் நீதியின் விடயத்தில் எங்களையோ எங்கள் பெற்றோரையோ உறவினரையோ விட்டுவைக்கவில்லை. றோல்ஸை ஏற்காதவர்களுக்கும் அந்த வசனம் இருக்கிறது. பள்ளி நிர்வாகம் தொடக்கம் ஊர்ச் சங்கம் வரை, எங்கள் கையில் இருக்கும் விதிகளை முதலில் அந்த அளவுகோலால் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து.