டப்ளினில் அமர்ந்திருக்கும் பீர் வணிகர்

அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில், புனித பேட்ரிக் பேராலயத்துக்கு வெளியே நாற்காலியில் அமர்ந்திருக்கிறது ஒரு வெண்கலச் சிலை. அது சர் பெஞ்சமின் லீ கின்னஸின் உருவம்.

அவருடைய தாத்தா ஆர்தர் கின்னஸ், 1759இல் செயின்ட் ஜேம்ஸ் கேட்டில் இருந்த பழைய பீர் ஆலையை ஆண்டுக்கு 45 பவுண்டு வாடகையில் 9,000 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுத்தார். பேரன் காலத்தில் அந்த ஆலை பெரும் செல்வம் ஈட்டியது.

பீர் தந்த அந்தப் பணத்தைக் கொண்டு, இடிந்து விழும் நிலையிலிருந்த பேராலயத்தை 1860 முதல் 1865 வரை பெஞ்சமின் புதுப்பித்தார். 1868இல் அவர் மறைந்தார். ஐரிஷ் சிற்பி ஜான் ஹென்றி ஃபோலி வடித்த சிலை 1875இல் நிறுவப்பட்டது. தாம் காப்பாற்றிய கோயிலின் வாசலிலேயே அவர் இன்றும் அமர்ந்திருக்கிறார்.