நெஞ்சுக்கறி நெகிழும் விதம்

ரோஷ் ஹஷானா என்னும் யூதப் புத்தாண்டு விருந்திலும், பஸ்காப் பண்டிகையின் முதல்நாள் இரவு விருந்திலும், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய அஷ்கெனாசி யூதர்களின் வழிவந்தோர் இல்லங்களில் நடுநாயகமாக வைக்கப்படுவது 'பிரிஸ்கெட்' எனப்படும் மாட்டு நெஞ்சுக்கறியாகும். கோஷர் என்னும் யூத உணவு நெறிப்படி தொடைச்சந்து நரம்பும் சிலவகைக் கொழுப்பும் விலக்கப்பட்டவை. அவற்றைப் பின்பாதியிலிருந்து முற்றாக நீக்குவது தேர்ந்த கைகளுக்கே உரிய நெடிய பணி என்பதால், பல ஊர்களில் பின்பாதி பிறருக்கு விற்கப்பட, முன்பாதியே யூத அடுப்புகளுக்கு வந்து சேர்ந்தது. அதிலும் நெஞ்சுப்பகுதி கடினமானது என்பதால் விலை குறைந்திருந்தது.

அந்தக் கடினம் மாட்டின் உடலமைப்பிலிருந்தே பிறக்கிறது. மாட்டுக்குக் காறையெலும்பு இல்லாமையால், முன்கால்களை உடலோடு பிணைத்து எடையைத் தாங்கும் பொறுப்பு தசைகளையே சார்கிறது. அதில் பங்கேற்று ஓயாது உழைக்கும் நெஞ்சுத்தசைகளில் கொலாஜன் என்னும் இணைப்புப் புரதம் மிகுதியாகச் சேர்கிறது. மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய வடமே கொலாஜன் என்ற மாதிரியை 1954-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர். பண்டிகைச் சமையலின் நோக்கமெல்லாம் இந்த முறுக்கை அவிழ்ப்பதே.

வியப்புக்குரியது என்னவெனில், இக்கறி மென்மையாவதற்கு முன் மேலும் கடினமாகிறது. உள்வெப்பம் ஏறத்தாழ 60 பாகை செல்சியஸைக் கடக்கும்போது தசைநார்களும் அவற்றைப் போர்த்திய கொலாஜன் உறைகளும் சுருங்கி, ஈரத் துணியைப் பிழிவதுபோல் உள்ளிருக்கும் நீரை வெளியேற்றுகின்றன. ஆகவே இரண்டு மணி நேரம் கழித்து முள்கரண்டியால் குத்திப் பார்ப்பவர், விறைத்த கறியைக் கண்டு, வெந்தது மிகுந்துவிட்டதென்று எண்ணி அடுப்பை அணைத்துவிடுகிறார். உண்மையில் அப்போதுதான் வேலை பாதியளவு நடந்திருக்கிறது. வெப்பம் 70 பாகையைத் தாண்டி 90-ஐ நெருங்கும் நீண்ட பொழுதில் கொலாஜன் கரைந்து ஜெலட்டின் என்னும் குழைவான பொருளாக மாறி, நீரிழந்த நார்களைப் பூசி, உருகிய கொழுப்போடு கலந்து, வாயில் சாறு நிறைந்த உணர்வைத் தருகிறது. அவ்வகையில், மென்மையான நெஞ்சுக்கறி என்பது நீரை இழந்த கறியே. இழந்ததை ஜெலட்டின் ஈடுசெய்கிறது.

இதற்கு வேண்டியவை மிதமான வெப்பமும் ஈரமும் பொழுதும். ஏறத்தாழ 2 கிலோ எடையுள்ள துண்டைச் சிவக்க வறுத்து, நிறைய வெங்காயமும், கறியின் பாதி உயரத்தைத் தாண்டாத சாறும் சேர்த்து, இறுக மூடி, 150 பாகை வெப்பமுள்ள ஓவனில் மூன்றரை முதல் நான்கு மணி நேரம் வரை விட வேண்டும். வெப்பத்தைக் கூட்டி நேரத்தைக் குறைக்க முயல்வது பெருந்தவறு. கொலாஜன் கரையும் முன்பே வெளிநார்கள் வறண்டுவிடும். விரைந்து வேகும் முதுகுத்தசைக்கு மட்டுமே மதிப்பளித்து, உழைத்த தசைகளைக் கொத்துக்கறியாக்கித் தள்ளிவிடும் இக்காலப் பழக்கமும் வருந்தத்தக்கது. ஒரே விலங்கின் உடலில் சுவை மிகுந்த பகுதி அவ்வாறு வீணாகிறது.

வெந்ததை அன்றே அறுக்காமல் சாற்றோடு குளிர்ப்பெட்டியில் ஓரிரவு வைப்பது நலம். கொழுப்பு மேலே உறைந்து எளிதில் நீங்கும். ஜெலட்டின் இறுகுவதால் துண்டுகள் சிதறாமல் வரும். நெஞ்சுக்கறி ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரு தசைகளைக் கொண்டது. அவற்றின் நார்கள் வெவ்வேறு திசையில் ஓடுவதால், இரண்டையும் பிரித்து, ஒவ்வொன்றையும் அதனதன் நாருக்குக் குறுக்கே அறுக்க வேண்டும். பஸ்கா நாள்களில் கோதுமை மாவால் குழம்பைக் கெட்டியாக்குதல் கூடாதாகையால், கரைந்த வெங்காயத்தை மசித்துச் சாற்றில் கலந்து, துண்டுகளை அதில் அடுக்கி, மூடியபடியே மீண்டும் சூடாக்கிப் பரிமாறுகின்றனர்.