மீஞ்சூர்க் கிணறு கரிப்பது ஏன்?

கும்மிடிப்பூண்டி ரயில் பாதையில் மீஞ்சூர் இருக்கிறதல்லவா? அங்கே பல கிணறுகளில் நீர் உப்புக் கரிக்கும். கடலோ சில கிலோமீட்டர் தள்ளி! எப்படி?

நன்னீரின் ஒப்படர்த்தி 1.000, கடல்நீருக்கு 1.025. ஆகவே 41 மீட்டர் நன்னீர், 40 மீட்டர் கடல்நீரைச் சமன் செய்யும். அதாவது, கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், அதற்குக் கீழே 40 மீட்டர் ஆழம்வரை உப்பு நெருங்காது. அந்த 1 மீட்டரை இறைத்துவிட்டால்? வயலுக்கும் ஆலைக்கும் சென்னைக்கும் இறைத்தோம். கடல் உள்ளே வந்தது.

1987-இல் தமிழக அரசு நிலத்தடி நீர்ச் சட்டம் இயற்றி, சென்னையோடு சுற்றுக் கிராமங்களையும் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது. கிணறு தோண்ட அனுமதி வேண்டும். (தாமதம்தான் என்பேன்.) 2010-இல் காட்டுப்பள்ளியில், நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கித் தரும் நிலையம் தொடங்கியது. இழந்த 1 மீட்டரை மீட்கத்தான் ஆரணியாற்றில் தடுப்பணை கட்டி, மழைநீரை மண்ணுக்குள் இறக்குகிறார்கள்.