ஹாம் ரேடியோ லைசென்ஸ் இருந்தால் எந்த அலைவரிசையிலும் பேசலாமா? சிறப்பு அனுமதி எப்போது தேவை?

வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் வழியில் இருக்கிறது கண்ணமங்கலம். ஆரணிப் பட்டுக்குத் தறி ஓடும் ஊர். இங்குள்ள ஒரு கல்லூரி மாணவர் மொட்டை மாடியில் ஆன்டெனா கட்டி, தானே செய்த டிரான்ஸ்மிட்டரைச் சோதிக்க ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உதிரி பாகங்கள் சென்னை ரிச்சி தெருவில் கிடைத்துவிடும். ஆனால், சுவிட்சைப் போடும் முன் அரசிடம் என்ன வாங்க வேண்டும்?

முதலில் என்ன தேவை?

மத்திய தொலைத்தொடர்புத் துறையின் கீழ் இயங்கும் டபிள்யூ.பி.சி. பிரிவுதான் நாட்டின் அலைவரிசைகளைப் பார்த்துக்கொள்கிறது. 1952-ல் தொடங்கப்பட்ட பிரிவு இது. ஹாம் ரேடியோ தேர்வை நடத்தி லைசென்ஸ் தருவதும் இவர்கள்தான். விண்ணப்பம் 'சரல் சஞ்சார்' இணையதளம் வழியே. ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என இரண்டு தரங்கள் உண்டு. ஜெனரல் தரத்துக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் தெரிந்திருக்க வேண்டும். தேறியவர்களுக்கு 'வி.யூ.' எனத் தொடங்கும் அழைப்புக் குறி கிடைக்கும்.

லைசென்ஸ் வாங்கியாச்சு, இனி எங்க வேணும்னாலும் பேசலாமா?

அதுதான் முடியாது. ஹாம்களுக்கென்று ஒதுக்கிய பட்டைகளில் மட்டுமே பேசலாம். உதாரணமாக, 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரு பட்டை. அதற்குச் சற்றுக் கீழே, 118 முதல் 137 வரை, விமானிகளும் கட்டுப்பாட்டு அறையும் பேசிக்கொள்ளும் இடம். வீட்டில் செய்த கருவி கொஞ்சம் தடம் மாறினாலும் யாருடைய பேச்சில் குறுக்கிடும் என்று சொல்ல முடியாது.

வெளிநாட்டு ஹாம்கள் பயன்படுத்துகிறார்கள் என்பதும் காரணமாகாது. 2015-ல் நடந்த உலக வானொலி மாநாடு 5351.5 முதல் 5366.5 கிலோஹெர்ட்ஸ் வரையிலான சிறு பட்டையை ஹாம்களுக்குத் திறந்துவிட்டது. ஆனால், சர்வதேச அளவில் கதவு திறந்தாலும், உள்ளே விடுவது அந்தந்த நாட்டு அரசுதான்.

சிறப்பு அனுமதி எப்படி?

ஒதுக்கிய பட்டைக்கு வெளியே ஆராய்ச்சி செய்ய வேண்டுமென்றால் பரிசோதனை லைசென்ஸ் என்ற தனி வழி இருக்கிறது. இதில் இரண்டு வகை. சிக்னலைக் கேபிளுக்குள்ளோ மூடிய அறைக்குள்ளோ அடக்கி வைத்துச் செய்வது ஒன்று. இதற்கு நடைமுறை எளிது. ஆன்டெனா வழியே வெளியே அனுப்புவது இன்னொன்று. இதற்குக் கேள்விகள் அதிகம். எந்த அலைவரிசை, எத்தனை வாட், எந்த இடம், எவ்வளவு நாள், எதற்காக? எல்லாவற்றுக்கும் பதில் வேண்டும். அனுமதி கிடைத்தாலும் அது தற்காலிகமானதுதான். மற்றவர்களுக்கு இடைஞ்சல் வந்தால் நிறுத்திவிட வேண்டும்.

ஒரு அனுமதிக் கடிதத்தால் என்ன ஆகிவிடும்?

இதற்கு அந்தமானில் பதில் இருக்கிறது. 1987-க்குப் பிறகு அந்தத் தீவுகளிலிருந்து ஹாம்கள் யாரும் பேசவில்லை. சாதாரண லைசென்ஸ் அங்கே போதாது. மத்திய அரசின் சிறப்பு அனுமதி வேண்டும். ஹாம் ரேடியோ வீராங்கனை பாரதி பிரசாத் விடாமல் முயன்று அதைப் பெற்றார். ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனக் குழுவோடு 2004 டிசம்பர் தொடக்கத்தில் போர்ட் பிளேரில் நிலையம் அமைத்தார். நோக்கம் பொழுதுபோக்குதான்: அரிதான ஓர் இடத்திலிருந்து உலக ஹாம்களோடு பேசுவது.

டிசம்பர் 26 காலை பூமி குலுங்கியது, சுனாமி வந்தது. தொலைபேசி இணைப்புகள் அறுந்தன. பொழுதுபோக்குக்காக வைத்த அதே கருவிதான் அதன்பின் தீவுகளிலிருந்து தகவல் அனுப்பியது. குழுவினர் சிலர் கார் நிகோபாருக்கும் போனார்கள். உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று தவித்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. அந்த அனுமதி ஒரு மாதம் தள்ளிப்போயிருந்தால் அன்று போர்ட் பிளேரில் அந்த நிலையமே இருந்திருக்காது.

கண்ணமங்கலத்து மாணவர் இப்போதே என்ன செய்யலாம்?

லைசென்ஸ் தேர்வுக்குத் தயாராகலாம். உணரிகளை வைத்துச் சோதிப்பதுதான் நோக்கமென்றால், 865 - 868 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் அனுமதிக்கப்பட்ட குறைந்த சக்திக் கருவிகளுக்குத் தனி லைசென்ஸே தேவையில்லை. அதற்கு வெளியே போக வேண்டுமென்றால் கருவி தயாராகும்வரை காத்திருக்காமல் விண்ணப்பத்தை முன்கூட்டியே போட்டுவிடுவது நல்லது. கருவி சில வாரங்களில் தயாராகிவிடும், அனுமதி அப்படியல்ல.