‘அ’ எப்படி மறை எண்ணானது?

பகல், பக்கம் என்ற இரு சொற்களிலும் ககரம் ஒன்றுதான், ஒலி வேறு. வரிவடிவம் ஒன்று, வாசிப்பு இரண்டு. சி மொழியில் எழுத்தைக் குறிக்கும் ‘சார்’ என்ற வகையும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

ஒரு சார் என்பது ஒரு பைட்; பொதுவாக எட்டு பிட். அதில் 256 வேறுபாடுகளை எழுதலாம். ‘அன்சைன்ட்’, அதாவது குறியற்றது என்று வாசித்தால் 0 முதல் 255 வரை. ‘சைன்ட்’, குறியுள்ளது என்று வாசித்தால் -128 முதல் 127 வரை. 128இலிருந்து மேலுள்ள ஒவ்வொன்றிலும் 256 கழிபட்டுவிடும். வெறுமனே ‘சார்’ என்று எழுதினால் எது? ககரத்துக்கு இடம் பார்த்து ஒலி சொல்லத் தமிழில் வழி உண்டு. சி மொழியின் 1989ஆம் ஆண்டுத் தரமோ அதைக் கம்பைலரிடமே விட்டுவிட்டது. டெனிஸ் ரிச்சி இந்த மொழியை வளர்த்த பிடிபி-11 இயந்திரம் பைட்டைக் குறியோடு எடுத்தது. பிறகு வந்தவற்றில் சில அப்படி, சில இப்படி.

ஆங்கிலத்துக்கு இதனால் கெடுதியில்லை. அதன் எழுத்துகள் 127க்குள் அடங்கிவிடும். அடி விழுவது நமக்குத்தான். யூடிஎஃப்-8 முறையில் ‘அ’ என்பது 224, 174, 133 என்ற மூன்று பைட்டுகள். குறியோடு வாசித்தால் அவை -32, -82, -123. அறபு அலிஃபின் 216, 167 என்பன -40, -89 ஆகிவிடும். அறபுத் தமிழ் ஏடுகளைக் கணினியில் ஏற்ற நினைப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

முல்லைத்தீவு மாவட்டத்தின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டிப் பகுதிகளில் 1990 வெளியேற்றத்துக்கு முன் இருந்த குடும்பங்களின் பெயர்களை நாங்கள் சிலர் தட்டச்சுச் செய்து வருகிறோம். வாப்பாமார் பெயர் நினைவிருக்கிற மூத்தவர்கள் குறைந்துகொண்டு போகிறார்கள். என்னிடம் படித்த பிள்ளை ஒருவன் அந்தக் கோப்பைச் சுத்தம் செய்யச் சிறு நிரல் எழுதினான். வரிமுடிவு தவிர, 32க்குக் குறைந்த எதையும் நீக்கு என்பது கட்டளை. அந்த எண்கள் அச்சில் தோன்றாத கட்டுப்பாட்டுக் குறிகள். நியாயமான கட்டளைதான். ஓட்டிப் பார்த்தால் குடும்ப இலக்கமும் காற்புள்ளியும் மிஞ்சின. பெயர் ஒன்றுகூட இல்லை.

“போன்ல சரியா வருது சேர், கொம்பியூட்டர்லதான் எல்லாம் போகுது” என்றான்.

ரெண்டும் உண்மை. அவனுடைய ஆண்ட்ராய்டு போனின் ஏஆர்எம் சில்லில் வெறும் சார் குறியற்றது. இன்டெல் சில்லுள்ள கணினியில் குறியுள்ளது. அங்கே தமிழின் ஒவ்வொரு பைட்டும் மறை எண். மறை எண்ணெல்லாம் 32க்குக் கீழேதானே! கம்பைலரும் பிழை என்று ஒன்றும் சொல்லவில்லை.

‘சார்’ என்பதன் முன் ‘அன்சைன்ட்’ என்று சேர்த்தான், சரியாகிவிட்டது. எழுத்தா என்று சோதிக்கும் ‘இஸ்அல்ஃபா’ போன்றவற்றுக்கும் பைட்டைக் குறியற்றதாக்கியே கொடுக்க வேண்டும். நல்ல காலம், விடையை அவன் வேறு கோப்பில் எழுதியிருந்தான். மூலத்தில் பெயர்கள் அப்படியே இருந்தன.