மூன்று முனை நட்சத்திரம்
மெர்ஸிடிஸ்-பென்ஸ்: பெயரும் உரிமையும்

பெங்களூரில் அல்சூரிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் சாலைக்குப் பழைய சென்னைச் சாலை என்று பெயர். அது கிருஷ்ணராஜபுரத்தை அடைந்ததும் தெற்கே பிரியும் கிளையில் திரும்பினால் ஒயிட்பீல்டு வட்டாரம் வரும். மெர்ஸிடிஸ்-பென்ஸ் என்னும் ஜெர்மானிய மோட்டார் ஸ்தாபனம் 1996-ம் ஆண்டு பெங்களூரில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் அங்கே இயங்கி வருகிறது. திரும்பாமல் கோலார், சித்தூர், ராணிப்பேட்டை வழியாக நேரே சென்றால் ஸ்ரீபெரும்புதூரை அடையலாம். அதற்குத் தெற்கே ஒரகடத்தில் 2012 முதல் ‘பாரத்பென்ஸ்’ லாரிகள் உற்பத்தியாகின்றன. இரண்டு இடங்களிலும் பென்ஸ் என்ற பெயர் விளங்குவதால், இரண்டும் ஒரே முதலாளியின் உடைமை என்று எண்ணுவது இயல்பே. 2021 டிசம்பர் வரை அது உண்மையாகவும் இருந்தது. இன்று அவ்வாறில்லை.

மோட்டார் வண்டியின் முகப்பில் காணும் பெயர் ஒன்று. அதைச் செய்யும் தொழிற்சாலை வேறொன்று. அத்தொழிற்சாலையில் முதலிட்டிருப்பவர் மூன்றாமவர். இம்மூன்றும் ஒருவரிடமே இருப்பதும் உண்டு, தனித்தனியே பிரிந்து செல்வதும் உண்டு. மெர்ஸிடிஸ்-பென்ஸின் வரலாறு இதற்குத் தக்க உதாரணமாகும்.

1886 ஜனவரி 29-ந் தேதி, மான்ஹைம் நகரைச் சேர்ந்த கார்ல் பென்ஸ், எரிவாயு எஞ்சினால் ஓடும் வண்டிக்கு 37435 என்னும் எண்ணுள்ள உரிமைப் பத்திரத்திற்கு விண்ணப்பித்தார். மூன்று சக்கரங்கள், ஒற்றை ஸிலிண்டர், ஒரு குதிரைச் சக்தியினும் குறைவான வலிமை, மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர் வேகம்: அவ்வளவே அதன் ஆற்றல். இந்த வண்டி நெடுந்தூரம் செல்லக் கூடியதே என்பதை உலகுக்கு மெய்ப்பித்தவர் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ். 1888 ஆகஸ்டில், கணவரிடம் சொல்லாமலே, தம் இரு புதல்வர்களுடன் போர்ட்ஸ்ஹைம் வரை 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தை அம்மையார் கடந்தார். பென்ஸ் உரிமைப் பத்திரம் கோரிய அதே ஆண்டில், கான்ஸ்டாட் நகரில் காட்லீப் டெய்ம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் நான்கு சக்கர வண்டி ஒன்றில் எஞ்சினைப் பொருத்தி ஓட்டினர். அவ்விரு நகரங்களுக்கும் இடையே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர்தான்.

‘மெர்ஸிடிஸ்’ என்பது எந்த நிபுணரின் பெயருமன்று. ஆஸ்திரியரான எமில் யெல்லினெக் என்ற வணிகர், பிரான்ஸிலுள்ள நீஸ் நகரில் வசித்து டெய்ம்லர் வண்டிகளை விற்று வந்தார். 1900-ம் ஆண்டில் 36 வண்டிகளுக்கு ஒரே முறையில் ஆர்டர் கொடுத்த அவர், புதிய எஞ்சினுக்குத் தம் மகளின் பெயரை இட வேண்டுமென்று விரும்பினார். மைபாக் வகுத்த அந்த 35 குதிரைச் சக்தி வண்டியே இன்றைய காரின் முன்னோடி என்று கருதப்படுகிறது. அதன் சட்டம் அழுத்தி வார்த்த எஃகினால் ஆனது. பாரம் தாழ்வாக அமைந்திருந்தது. தேன்கூட்டைப் போல் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட சிறு குழாய்களை அடுக்கி அமைத்த ரேடியேட்டரே அதன் தலையாய சிறப்பு. காற்றுப்படும் பரப்பு மிகுந்ததால் எஞ்சினைக் குளிர்விக்கத் தேவையான நீர் பாதியாகக் குறைந்தது. 1901 மார்ச்சில் நீஸில் நடந்த போட்டிகளில் அவ்வண்டி வெற்றி மேல் வெற்றி பெற்றது. 1902-ல் அப்பெயர் வணிகச் சின்னமாகப் பதிவாயிற்று. மறு ஆண்டு யெல்லினெக் தம் குடும்பப் பெயரையே ‘யெல்லினெக்-மெர்ஸிடிஸ்’ என மாற்றிக் கொள்ள அனுமதி பெற்றார். மகளின் பெயர் வண்டிக்குச் சென்று, வண்டியின் பெயர் தந்தையிடம் வந்து சேர்ந்த விந்தை இது!

நிலம், நீர், ஆகாயம் மூன்றிலும் எஞ்சின் பயன்படும் என்பதைக் குறிக்கும் மூன்று முனை நட்சத்திரம் 1909-ல் பதிவாயிற்று. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியை வாட்டிய பணவீக்கத்தில் தனித்து நிற்க இயலாத இரு கம்பெனிகளும் 1926 ஜூனில் ஒன்றாயின. நட்சத்திரத்தைச் சுற்றிப் பென்ஸ் கம்பெனியின் லாரல் இலை மாலை வந்தது அப்போதுதான். இரண்டாம் உலகப் போர்க் காலம் இந்த வரலாற்றின் இருண்ட பகுதி. 1944-ல் டெய்ம்லர்-பென்ஸ் தொழிலாளரில் ஏறக்குறையப் பாதிப் பேர் கட்டாய வேலைக்குக் கொணரப்பட்டவர்களும் போர்க் கைதிகளும் வதை முகாம்களில் அடைபட்டிருந்தவர்களுமே.

நம் நாட்டுக்கு நட்சத்திரம் வந்தது 1954-ல். தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம் முதல் தொகுதி வெளிவந்த ஆண்டும் அதுவே. ஜாம்ஷெட்பூரில் ரயில் எஞ்சின்கள் செய்து வந்த டெல்கோ, டெய்ம்லர்-பென்ஸுடன் பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் செய்து கொண்டு, ‘டாட்டா மெர்ஸிடிஸ்-பென்ஸ்’ லாரிகளை அவ்வாண்டிலேயே வெளியிட்டது. சின்னம் ஜெர்மானியருடையது, தொழிற்சாலை இந்தியருடையது. அந்நியச் செலாவணி அரிதாக இருந்த அக்காலத்தில், உதிரிப் பாகங்களை ஒவ்வொன்றாக உள்நாட்டிலேயே செய்யக் கற்றுக் கொள்வது அவசியமாயிற்று. 1966-ல் புனாவில் ஒரு பொறியியல் ஆராய்ச்சி நிலையமும் ஏற்பட்டது. 1969-ல் ஒப்பந்தம் முடிந்ததும் நட்சத்திரம் நீங்கியது. ‘டி’ என்ற எழுத்து அதன் இடத்தைப் பெற்றது. லாரிகளின் உற்பத்தி நிற்கவில்லை. ஒப்பந்தத்தினால் நாடு அடைந்த பயனை அளக்க வேண்டுமானால், நட்சத்திரம் இருந்த காலத்தை விட அது நீங்கிய பின் நடந்ததையே நோக்க வேண்டும். 1986-ல் வெளிவந்த ‘407’ என்னும் சிறு லாரி இந்நாட்டிலேயே வகுக்கப்பட்டது. டெய்ம்லரின் கையிலிருந்த டாட்டா பங்குகளோ 2010 வரை இருந்து, பிறகே விற்கப்பட்டன.

ஜெர்மனியிலும் உரிமை நிலையாக இருக்கவில்லை. 1974-ல் குவைத் அரசு பெரும் பங்கு வாங்கியது. 1998-ல் அமெரிக்கக் கிரைஸ்லருடன் நடந்த இணைப்பு 2007-ல் முறிந்தது. சீனாவின் கீலி கம்பெனித் தலைவர் லீ ஷுஃபு 2018-ல் 9.69 சதவீதப் பங்குகளைப் பெற்றார். சீன அரசுடைமையான பைக் கம்பெனியின் பங்கு 9.98 சதவீதம் என்று 2021-ல் வெளியாயிற்று. எனினும் இவர்களில் எவரும் கம்பெனியின் தனி எஜமானர் அல்லர். கலைக்களஞ்சியத்தில் ‘உரிமையாளர்’ என்ற தலைப்பின் எதிரே ஒரே பெயரை எழுதிவிட முடியாதது இதனால்தான்.

2021 டிசம்பரில் லாரிப் பிரிவு ‘டெய்ம்லர் டிரக்’ என்ற தனிக் கம்பெனியாயிற்று. கார்ப் பிரிவு 35 சதவீதத்தை மட்டும் தன் வசம் வைத்துக் கொண்டு, 2022 பிப்ரவரியில் ‘மெர்ஸிடிஸ்-பென்ஸ் குழுமம்’ என்று பெயர் மாற்றிக் கொண்டது. நட்சத்திரம் கார்க் கம்பெனியின் சொத்து. லாரிக் கம்பெனி அதை அனுமதி பெற்றே பயன்படுத்துகிறது. ஒயிட்பீல்டு நிலையம் முன்னதைச் சார்ந்தது. ஒரகடம் தொழிற்சாலை பின்னதைச் சார்ந்தது.

டெய்ம்லர் என்ற பெயருக்கும் ஒரு கிளைக் கதை உண்டு. 1896-ல் இங்கிலாந்தில் அப்பெயரின் உரிமையைப் பெற்றுத் தொடங்கிய டெய்ம்லர் கம்பெனி, ஜெர்மானியத் தாயகத்தினின்று விலகித் தனியே வளர்ந்து, 1960-ல் ஜாகுவாரிடம் சென்றது. 2008-ல் டாட்டா மோட்டார்ஸ் போர்டு கம்பெனியிடமிருந்து ஜாகுவாரை வாங்கியபோது, அந்தப் பெயரின் உரிமையும் உடன் வந்து சேர்ந்தது. அந்த டாட்டா மோட்டார்ஸ் வேறு எதுவுமன்று. பதினைந்து ஆண்டுகள் நட்சத்திரம் பொறித்த லாரிகளைச் செய்த பழைய டெல்கோவேதான்.